நான்காம் அத்தியாயம்: அழைப்பு வருவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை

மொடலிங் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கொழும்பில் இருப்பவர்களுக்காக எழுதப்படுகின்றன. வியர்க்கும் தோலுக்கு என்ன பூசுவது, எந்த சலூனில் முடி வெட்டுவது, எந்த ஜிம்மில் சேர்வது என்று அவை போகும். ஸ்பிரிங்வெளி லயத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு ஆசைப்படும் பிள்ளைக்கு அவற்றில் பாதி உதவாது. இங்கே காற்று வேறு, பீலித் தண்ணீரின் குளிர் வேறு. லீவு நாட்களில் அம்மாவோடு மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்த கை அது. கொழும்பில் ஒரு தேர்வுக்குப் போய் நிற்பதற்கு இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்க வேண்டும். அதனால் இந்த அத்தியாயத்தை நமுனுகுலை மலைப் பக்கத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். பசறை, ஹாலிஎல, தெமோதரை, அப்புத்தளைப் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பிறந்த நிறத்தை மாற்றுவது தயாரிப்பில் சேராது. தோல், முடி, பல், நகம், நடை ஆகியவற்றை ஒழுங்காக வைத்திருப்பதும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பதுமே தயாரிப்பு. கீழே வரும் எல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

எந்த வேலைக்குத் தயாராகிறீர்கள்?

மேடையில் உடை காட்டி நடப்பது ஒரு வேலை. படத்துக்கும் விளம்பரத்துக்கும் நிற்பது இன்னொன்று. மேடை நடைக்கு உலகெங்கும் உயரம் பார்க்கிறார்கள்: பெண்ணுக்கு 5 அடி 8 அங்குலமும் அதற்கு மேலும், ஆணுக்கு 6 அடி அளவில். 2003 இல் தொடங்கிய கொழும்பு ஃபேஷன் வீக் போன்ற மேடைகளைக் கனவு காண்பவர் முதலில் சுவரோடு நின்று தன் உயரத்தை அளந்து கொள்ளட்டும்.

உயரம் குறைவாக இருந்தால் அது உங்கள் குற்றமல்ல. 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வில் தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். நாடு முழுவதற்குமான அளவு 17 சதவீதம்தான். சிறுவயதில் தட்டில் இல்லாமல் போனதை இருபது வயதில் எந்த மாத்திரையும் திருப்பித் தராது. உயரம் கூட்டுவதாகச் சொல்லும் பவுடர், மாத்திரை எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

படத்துக்கும் விளம்பரத்துக்கும் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. கொழும்பு செட்டியார் தெரு நகைக்கடைகள், வெள்ளவத்தைப் புடவைக் கடைகள், மணப்பெண் அலங்காரக்காரர்கள், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் எல்லோரும் தமிழ் வாடிக்கையாளரை நோக்கிப் பேசுகிறவர்கள். சேலை கட்டினால் பொருந்தும் தோள், நகை போட்டால் எடுப்பாகத் தெரியும் கழுத்து, வளையல் போட்டுக் காட்டக்கூடிய கை, நம்பும்படியான சிரிப்பு இவையே அங்கே வேண்டும். தொடங்குவதற்குப் பதுளைக் கடைத் தெருவே போதும். ஒரு ஜவுளிக்கடைக்கும் ஒரு மணப்பெண் அலங்கார நிலையத்துக்கும் ஒழுங்காக நின்று கொடுத்த படங்கள் கையில் இருந்தால் கொழும்பில் பேச்சு இலகுவாகும்.

தோல்: கச்சான் காற்றும் மலை வெயிலும்

ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் அடிக்கும் வறண்ட கச்சான் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற மணத்தைக் கொடுக்கிறது. அதே காற்று உதட்டை வெடிக்க வைக்கும், கன்னத்தில் வெள்ளை பூத்தது போல் தோலை உலர வைக்கும். மலையில் வெயில் சுடாததால் அது தோலைத் தொடவில்லை என்று நினைக்கிறோம். ஆனால் 1,000 மீற்றர் உயரம் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு 10 முதல் 12 சதவீதம் வரை கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மப்பு நாளிலும் அது வரும்.

அன்றாடம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. காலையில் முகத்தைத் தண்ணீரில் கழுவுங்கள். உடுப்புக்கும் உடம்புக்கும் போடும் சவர்க்காரத்தை முகத்துக்குப் போட வேண்டாம். இரவில் மட்டும் வாசனையற்ற, மென்மையான முகக் கழுவி ஒன்றைப் பாவியுங்கள்.

2. ஈரம் முழுதாகக் காய்வதற்குள் லோஷன் பூசுங்கள். விலை உயர்ந்தது தேவையில்லை. உதட்டுக்கும் குதிக்காலுக்கும் வெறும் வாசலின் போதும்.

3. வெளியே போவதற்கு முன் எஸ்.பி.எஃப். 30 க்குக் குறையாத சன்ஸ்கிரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுக்க வேண்டும். பொட்டளவு பூசினால் பயன் இல்லை. வெயிலில் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். மலையில் நிற்கும்போது தொப்பியும் நீளக் கைச் சட்டையும் இதைவிடப் பெரிய காவல்.

4. பருவைக் கிள்ளாதீர்கள். பரு போய்விடும், கிள்ளிய கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் இந்தத் தழும்பு இன்னும் அழுத்தமாக விழும். பரு அடங்காவிட்டால் பதுளை ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள். அங்கே காசு வாங்குவதில்லை.

தேசிக்காய்ச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் போகும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளம் கிளம்பும், கரும்படை விழும்.

வெள்ளையாக்கும் கிறீம் வேண்டாம்

இந்த அத்தியாயத்தில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். விலாசம் இல்லாத டப்பாவில், சந்தைக் கடையிலும் போன் வழியாகவும் விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நரம்பைத் தாக்கும். பூசுபவரோடு அது நிற்பதும் இல்லை. ஆவியாகி அறைக்குள் பரவும்; துவாயிலும் தலையணையிலும் ஒட்டும். ஒற்றைக் காம்பராவில் தம்பி தங்கையோடும் கைக்குழந்தையோடும் படுக்கும் வீட்டில் அதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். இலங்கையும் இணைந்துள்ள மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள், பாதரசம் கலந்த எல்லா அழகுப் பொருட்களையும் 2025 உடன் நிறுத்துவதென்று 2023 இல் முடிவு செய்தன. அப்படிப்பட்ட நஞ்சு இது.

அடையாளம் காணச் சில வழிகள் உண்டு. தயாரித்தவர் பெயரும் சேர்மானப் பட்டியலும் இல்லாத டப்பாவை வாங்காதீர்கள். "தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் பார்த்துக் கொள்ளவும்" என்று எழுதியிருந்தால் உள்ளே பாதரசம் இருக்கக்கூடும். ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று வாக்குக் கொடுத்தால் சந்தேகமே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இன்னொரு வகை, பார்மசியில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீரொயிட் களிம்பு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் என்ற பெயர்கள் டியூபில் இருக்கும். தோல் அழற்சிக்கு வைத்தியர் சில நாட்களுக்கு எழுதிக் கொடுப்பதை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருவும் முகத்தில் முடியும் வரும். ஏற்கெனவே பூசி வருபவர் திடீரென நிறுத்தினாலும் முகம் பொங்கும். வைத்தியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் சொல்லும் விதமாகக் குறைத்து நிறுத்துங்கள்.

நிறத்தால் வேலை கிடைக்காது என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் காலம் நகர்ந்திருக்கிறது. சென்னையில் 2009 இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கம் தொடங்கியது. 2020 இல் 'ஃபெயார் அண்ட் லவ்லி' தன் பெயரிலிருந்து 'ஃபெயார்' என்ற சொல்லை எடுத்தது. போருக்குத் தப்பி 1991 இல் சூடானிலிருந்து லண்டனுக்கு வந்த அலெக் வெக், ஆறே வருடத்தில் அமெரிக்க 'எல்' சஞ்சிகையின் அட்டையில் வந்தார். கன்னங்கரிய அவர் நிறத்தை யாரும் மாற்றவில்லை. கிறீமுக்குப் போகும் காசில் உங்கள் நிறத்துக்குச் சரியாகப் பொருந்தும் பவுண்டேஷன் ஒன்றை வாங்குங்கள். தாடை ஓரத்தில் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கே தடவினோம் என்று தெரியாமல் போனால் அது உங்கள் நிறம். அலங்காரம் செய்பவரிடம் கறுத்த தோலுக்கான நிறம் இல்லாமல் போவது வழக்கமாக நடப்பதுதான். அன்று உங்கள் போத்தல் உங்களைக் காப்பாற்றும்.

கை, நகம், கால்

கொழுந்து எடுப்பவர்களின் விரல் இடுக்கிலும் நக ஓரத்திலும் சாறு கறுத்துப் படியும். அது அழுக்கல்ல, வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் நகைக்கடைக் கமரா விரலுக்குக் கிட்ட வரும். மலைக்குப் போகும் நாட்களில் புறப்படுமுன் விரல்களிலும் நகத்தைச் சுற்றியும் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தேய்த்துக் கொண்டால் சாறு ஆழப் பிடிக்காது. வந்ததும் வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் கையை ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். பிளீச் போட்டுக் கறை எடுக்க வேண்டாம். படப்பிடிப்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே கையுறை இல்லாமல் கொழுந்தைத் தொடாமல் இருக்க முடிந்தால் நல்லது.

நகம் ஒரே அளவில், குட்டையாக, பூச்சு இல்லாமல் இருக்கட்டும். எந்தப் பூச்சு வேண்டும் என்பதை வேலை கொடுப்பவர் சொல்வார். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தால் தழும்பாகும். அட்டையை நகத்தால் மெதுவாகத் தள்ளி எடுத்து, கழுவி, கட்டிவிடுங்கள். நெருப்பு வைக்க வேண்டாம். குதிக்கால் வெடிப்புக்கு இரவில் வாசலின் பூசிக் காலுறை போட்டுப் படுத்தால் சில வாரங்களில் குணம் தெரியும்.

முடி, பல், உடம்பு வாடை

தேங்காய் எண்ணெய் நல்லது. ஆனால் தேர்வுக்குப் போகும் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. முதல் நாளே ஷாம்பு போட்டு அலசி, காயவைத்து, பின்னால் ஒற்றைக் கட்டாகக் கட்டிக்கொண்டு போங்கள். தேர்வுக்கு முன் புதிதாக நிறம் அடிப்பதும், முடியை நேராக்குவதும், பையன்கள் பக்கவாட்டில் கோடு போடுவதும் வேண்டாம். முடியை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள இடம் கொடுக்கும் தலையைத்தான் தேடுகிறார்கள். தாடி வைத்திருந்தால் ஓரம் வெட்டி, வைத்த படமும் வழித்த படமும் இரண்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாயத்தண்ணி பல்லில் மஞ்சள் கறை ஏற்றும், வெற்றிலை சிவப்பு ஏற்றும். குடித்ததும் வாய் கொப்பளியுங்கள், இரண்டு நேரம் பல் துலக்குங்கள், வருடம் ஒரு தடவை பல் வைத்தியரிடம் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கரித்தூளும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பல்லின் மேற்பூச்சு தேயும். வெற்றிலை, புகையிலை, பாக்கு வேண்டவே வேண்டாம்.

விறகடுப்புள்ள வீட்டில் புகை துணியில் ஏறும், நமக்கு அது தெரியாது. தேர்வுக்கான உடுப்பை வெயிலில் காயவைத்து, மடித்து, பொலித்தீன் பைக்குள் கட்டி, அடுப்படிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். செண்டைக் கொட்டிக்கொண்டு போகாதீர்கள். உடை மாற்றும் அறையில் பத்துப் பேர் இருப்பார்கள்.

சாப்பாடும் தூக்கமும்

பட்டினி கிடந்து மெலிவது இந்தத் தொழிலின் பழைய நோய். இஸ்ரேலில் 2013 முதல் உடல் நிறைச் சுட்டெண் 18.5 க்குக் குறைந்தவரை விளம்பரத்தில் நிறுத்தச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிரான்ஸ் 2017 முதல் மொடலிடம் வைத்தியச் சான்றிதழ் கேட்கிறது. மலையகப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மெலிவதைவிட இரத்தம் ஊறுவதுதான் அவசரம். இரத்தச் சோகை இருந்தால் முகம் வெளிறும், முடி கொட்டும், பத்து நிமிடம் விளக்கடியில் நின்றால் தலை சுற்றும். ஆஸ்பத்திரியில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ரொட்டியும் கட்டாச் சம்பலும் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையில் உள்ள பொருள் சாப்பாட்டின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னோ பின்னோ குடியுங்கள். நெத்தலிக் கருவாடு, முட்டை, பருப்பு, பயறு, முருங்கைக்கீரை, வல்லாரைச் சம்பல், ஒரு கொய்யாப்பழம் என எல்லாம் கைக்கெட்டுவதுதான். சீனியைப் பாதியாகக் குறையுங்கள். ஏழு எட்டு மணி நேரத் தூக்கத்தைப் போனுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

நிற்பதும் நடப்பதும்

ஏற்றம் இறக்கம் நடந்து வளர்ந்த காலுக்கு வலு உண்டு. அது உங்கள் கைமுதல். ஆனால் ஏற்றத்தில் நடப்பவர் முன்னால் சாய்வார். தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்தவரின் கழுத்து முன்னால் வந்திருக்கும். தினமும் ஐந்து நிமிடம் சுவரில் குதிக்கால், பிட்டம், தோள், பின்தலை நான்கும் படும்படி நில்லுங்கள். பிறகு அதே நிலையில் நடங்கள்.

நடை பழக மட்டமான தரை வேண்டும். பாடசாலை மண்டபத்தையோ வாசிகசாலையையோ கேட்டு வாங்குங்கள். பெண்கள் முதலில் வெறுங்காலிலும் பிறகு இரண்டு அங்குலக் குதியிலும், அது பழகிய பின் நான்கு அங்குலத்திலும் நடக்க வேண்டும். கண் தரையைப் பார்க்காமல் எதிர்ச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கட்டும். சேலை கட்டி நடப்பதையும் இருப்பதையும் படியேறுவதையும் தனியாகப் பழகுங்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதிவு செய்து பார்த்தால் குறை தானே தெரியும். சிங்களம் பேசப் பழகுவதும் நடை பழகுவதைப் போலவே அவசியம். கமராக்காரர் தலையைத் திருப்பச் சொல்வது உடனே விளங்க வேண்டும்.

படங்களும் அளவுகளும்

முதலில் கேட்பது அலங்காரம் இல்லாத படங்களைத்தான். காலை எட்டு ஒன்பது மணிக்கு, நேர் வெயில் படாத நிழலில், வெறும் சுவர் முன்னால் எடுங்கள். உடம்போடு ஒட்டிய வெள்ளை அல்லது கறுப்பு பனியன், கறுப்புக் காற்சட்டை. முன், பக்கவாட்டு, பின் என்று முழு உருவம் மூன்று; முகம் கிட்டத்தில் சிரித்து ஒன்று, சிரிக்காமல் ஒன்று. பவுடர், பொட்டு, திருநீறு எதுவும் வேண்டாம். ஃபில்டர் போட்ட படத்தை அனுப்பினால் நேரில் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உயரம், நெஞ்சு, இடை, இடுப்பு, தோள் அகலம், சப்பாத்து அளவு ஆகியவற்றைத் தையற்காரரிடம் அளந்து எழுதி வையுங்கள். ஒரு அங்குலம்கூடக் கூட்டிச் சொல்ல வேண்டாம். அந்த அளவுக்குத்தான் உடுப்புக் கொண்டு வருவார்கள். பச்சை குத்தியிருந்தால், கழற்ற விருப்பமில்லாத கோயில் கயிறோ மூக்குத்தியோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

கடைசி வாரம்

ஏழு நாள் இருக்கையில்: புதிய கிறீம், புதிய ஃபேஷியல் எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.
மூன்று நாள் இருக்கையில்: புருவம் எடுப்பது, முடி அகற்றுவது இருந்தால் செய்து முடியுங்கள்.
முதல் நாள்: தலை அலசுங்கள், நகம் வெட்டுங்கள், பையைக் கட்டுங்கள்.
அன்று: துத்தநாகமோ டைட்டேனியமோ உள்ள சன்ஸ்கிரீன் பூசினால் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துத் தெரியும். உள்ளே நடக்கும் படப்பிடிப்புக்கு அதைத் தவிருங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டை, படங்கள், அளவு எழுதிய தாள், தோல் நிற உள்ளாடை, கறுப்புக் குதி செருப்பு, ஊக்குகள், சீப்பு, முகம் துடைக்கும் துணி, உங்கள் பவுண்டேஷன், சானிட்டரி நாப்கின், தண்ணீர்ப் போத்தல், அவித்த கடலை, போன் சார்ஜர்.

பதுளையிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே தேர்வுக்குப் போனால் கண் வீங்கி, கால் தடித்து, மலை வளைவுகளில் வாந்தி எடுத்த களைப்பு முகத்தில் நிற்கும். முடிந்தால் முதல் நாள் பகலே போய் உறவுக்காரர் வீட்டில் தங்குங்கள். முடியாவிட்டால் பஸ்ஸில் உப்புக் கூடிய தீன் தவிர்த்து, விடிந்ததும் குளிக்க ஓரிடம் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பிந்தி வந்ததற்கு மண்சரிவைக் காரணம் சொன்னால் உண்மையாக இருந்தாலும் இடம் போய்விடும்.

காசும் கையெழுத்தும்

ஒழுங்கான ஏஜென்சி நீங்கள் உழைத்த காசில் பங்கு எடுக்கும், முன்பணம் கேட்காது. "பதிவுக்கு இவ்வளவு, படத் தொகுப்புக்கு இவ்வளவு" என்று முதலில் கேட்பவரின் வியாபாரம் உங்கள் காசுதான். ஹோட்டல் அறையில் தேர்வு, இரவில் தேர்வு, தனியாக வரச் சொல்வது, உடை கழற்றிய படம் கேட்பது இவற்றில் ஒன்று வந்தாலே போகாதீர்கள். முதல் சில தடவை அம்மாவோ அக்காவோ அண்ணனோ கூட வரட்டும். அதை விரும்பாதவரிடம் வேலை வேண்டாம். 2021 இன் சட்டத் திருத்தத்தின்படி இலங்கையில் 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு அமர்த்த முடியாது. பிரச்சினை வந்தால் சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்களில் உதவி கேட்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் நான்கு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு காசு, எப்போது கிடைக்கும், படம் எங்கெங்கே வரும், எத்தனை காலம் வரும். இந்தக் கேள்விகளுக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. 1890 இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன், அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பத்தென்னையில் தோட்டம் வாங்கினார். அவர் தேயிலை விளம்பரங்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் நின்றாள். அன்றிலிருந்து எத்தனையோ பெட்டிகளிலும் சுவரொட்டிகளிலும் அவள் நிற்கிறாள். பெட்டியில் கம்பனியின் பெயர் இருக்கும், அவள் பெயர் இருக்காது.

உங்கள் முகம் உங்கள் உழைப்பு. ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வாசித்து விளக்கக்கூடிய ஆசிரியர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இல்லாமல் கமராவுக்கு முன்னால் போய் நிற்காதீர்கள்.